சிவப்பு எழுத்தில் தாய்மாமன்

தாய்மாமன் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிந்தது.

மற்றதெல்லாம் சுத்தமாக இருந்தது. பிள்ளையார் படம் தெளிவு. "காதணி விழா" என்ற தலைப்பு தெளிவு. அப்பா வழித் தாத்தா, பெரியப்பா, சித்தப்பா, அத்தைமார், அத்தை மாப்பிள்ளைமார் எல்லாரும் கறுப்பு எழுத்தில் கல்லில் வெட்டியதுபோல நின்றார்கள். நடுவே மஞ்சள் பட்டையில், சிவப்பு எழுத்தில், எல்லாரையும்விடப் பெரிதாக நிற்கவேண்டிய "தாய்மாமன் மாரீஸ்வரன், வாஷி" மட்டும் தண்ணீர் பட்ட குங்குமம்போல ஓரமெல்லாம் கலங்கிக் கிடந்தது.

சுயம்பு கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தான். கண்ணில் கோளாறு என்றால் சித்தப்பாவும் மங்கியிருக்க வேண்டும். சித்தப்பா நன்றாகத்தான் இருந்தார்.

தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் அவன் கடை. முத்தாரம்மன் டிஜிட்டல். உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாமவர் மூச்சு விட முடியாது. பேனரைக் கம்ப்யூட்டரில் எழுதிச் சரிபார்ப்பது இங்கே. அச்சடிக்கிற பெரிய மெஷின் குர்லாவில் இருந்தது. போன வாரம்வரை ஒரு சின்ன பழைய மானிட்டர்தான் வைத்திருந்தான். வருகிறவர்கள் எல்லாம், "எம் பேரு ஏன் இத்துனூண்டு இருக்கு?" என்று சண்டைக்கு வந்தார்கள். பேனர் பத்தடி வரும் என்று சொன்னால் நம்புவதில்லை. கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார்கள். அதனால் குர்லாவில் ஒரு பழைய டிவியைப் பிடித்து, கம்ப்யூட்டரோடு மாட்டிவிட்டான். "மானிட்டரும் டிவியும் ஒண்ணுதான் பாய்" என்றான் விற்றவன். விற்கிறவனுக்கு எல்லாம் ஒன்றுதான். திருப்பிக் கொண்டுபோனால்தான் அது வேறு இது வேறு என்பான்.

போன் அடித்தது. செண்பகவல்லி. காது குத்தப்போகிற பிள்ளையின் அம்மா. மாரீஸ்வரனின் கூடப்பிறந்த தங்கச்சி.

"அண்ணாச்சி, வேலை முடிஞ்சிட்டா?"

"முடிஞ்ச மாதிரிதான் தாயி."

"எங்க அண்ணன் பேரு பளிச்சுன்னு வந்திருக்குல்லா? நாளைக்கு மண்டபத்து வாசல்ல மொதல்ல அதுதான் கண்ணுல படணும். எங்க வீட்டுக்காரரு பக்கத்து ஆளுக ஆயிரம் பேரு இருக்கட்டும். எங்க அண்ணன் பேரு அதுக்கெல்லாம் மேல நிக்கணும்."

"நிக்கும் தாயி."

"போன வருசம் எங்க சித்தி மவ வீட்டு விசேசத்துல நடந்தது ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரியும். தாராவிக்கே தெரியும். அந்த பேனரில் மாரீஸ்வரன் பெயரைக் கடைசி வரிசையில் போட்டிருந்தார்கள். மனிதர் பேனரைப் பிடித்து இழுத்தார். கயிறு அறுந்து, கீழே நின்ற போட்டோகிராபர் மேல் விழுந்தது. நடந்தது அவ்வளவுதான். ஆனால் தாராவியில் ஒரு கதை சந்து தாண்டும்போது ரெண்டு பேரைக் கூடுதலாக அடித்துவிட்டுத்தான் அடுத்த சந்துக்குள் நுழையும். சுயம்பு காதுக்கு வந்து சேர்ந்தபோது, மாரீஸ்வரன் போட்டோகிராபரை பேனருக்குள் பாய்மாதிரி சுருட்டிவைத்துவிட்டு, பேனர் எழுதிய கடைக்காரனைத் தேடிப் போயிருந்தார். அந்தக் கடைக்காரன் இப்போது மும்பையில் இல்லை. மகளுக்குக் கல்யாணம் பேச ஊர்ப்பக்கம் நாசரேத்துக்குப் போயிருக்கிறான். போன காரணத்தைச் சுயம்புவிடம் யாரும் சொல்லவில்லை.

"எனக்கு வாட்ஸப்ல அனுப்புங்க, பாக்கேன்" என்றாள் செண்பகவல்லி.

இங்கேதான் சுயம்பு முதல் தப்பைச் செய்தான். டிவியில் மங்கலாக இருந்தாலும் அவள் போனில் தெளிவாகத் தெரியலாம், அப்படித் தெரிந்தால் கோளாறு டிவியில்தான் என்று ஆகிவிடும் என்று கணக்குப் போட்டு அனுப்பினான். பத்தடி பேனரைக் கைக்குட்டை அளவுக்குச் சுருக்கி, அதையும் வாட்ஸப் பிழிந்து அனுப்பினால் என்ன ஆகும்? டிவியில் கலங்கித் தெரிந்த மாமன், போனில் வெற்றிலை துப்பின இடமாக ஆகிவிட்டார்.

கால் மணி நேரத்தில் போன் அலறியது.

"என்ன அண்ணாச்சி இது? எல்லாரு பேரும் தெரியுது, எங்க அண்ணன் பேரு மட்டும் அழிஞ்சு கெடக்கு! எங்க கொளுந்தனாரு ஏதும் சொல்லிக் குடுத்தாரா?"

"ஐயோ, யாரும் சொல்லல தாயி. இது டிவி கோளாறு..."

"நான் அதப் பாக்காமலே அண்ணனுக்கும் அனுப்பிட்டேனே! இப்ப மயினி போன் பண்ணுதாவ. அண்ணன் அத ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாவளாம். பெறவு சட்டைய மாட்டிக்கிட்டு, வா தாராவிக்குப் போவோம்னு கெளம்பிட்டாவளாம்!"

சுயம்பு ரயில் வழியைக் கணக்குப் பார்த்தான். வாஷியில் ரயில் ஏறி, குர்லாவில் மாறி, சயானில் இறங்கி நடந்தால் தாராவி. நாம் அவசரமாக வேலைக்குப் போகிற நாளில் பாதி வழியில் நின்றுபோகிற ரயில், அடிக்க வருகிறவன் ஏறினால் நிற்காது. அது அவனுக்கு நன்றாகத் தெரியும்.

செம்பூரில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ரிஜோவுக்குப் போன் போட்டான். ரிஜோ தூத்துக்குடிக் குடும்பம். ஆனால் பிறந்து வளர்ந்து நரைக்க ஆரம்பித்தது எல்லாம் மும்பையில். பைக்கில் வந்து இறங்கினான்.

"டென்ஷன் மத் லோ பாய், டென்ஷன் வேண்டாம். எல்லாம் செட்டிங்தான்."

"சீக்கிரம் பாரு ரிஜோ. ஆளு ரயில் ஏறிட்டாரு."

"எது மங்கலா இருக்கு?"

"தாய்மாமன் பேரு."

"அது எது? எனக்குத் தமிழ் படிக்க வராது பாய்."

சுயம்பு விரலால் தொட்டுக் காட்டினான். ரிஜோ உட்கார்ந்து, எழுத்தைத் தெளிவாக்குகிற ஏதோ செட்டிங்கைத் திறந்தான். திரையில் ஒரே வாசகம் பல கட்டங்களில் வந்தது. எது தெளிவாக இருக்கிறது என்று கம்ப்யூட்டரே கேட்டது. தெரியாமல்தானே உன்னைக் கேட்கிறோம் என்று சுயம்பு நினைத்துக்கொண்டான்.

"சொல்லு பாய், இதுவா, இதுவா?"

"ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் இருக்கு."

"பயப்படாம சொல்லு."

பயப்படாமல் எப்படிச் சொல்வது? கைக்கு வந்ததைக் காட்டினான். ஒவ்வொன்றாக அமுக்கி முடித்தபோது பேனரில் ஒரு மாற்றமும் இல்லை. மெனுவில் இருந்த எழுத்துகள்தான் ஒரு பக்கம் நீலக்கரை, ஒரு பக்கம் ஆரஞ்சுக்கரை கட்டிக்கொண்டு நின்றன. சேமிப்பது எது, அழிப்பது எது என்று இப்போது அதுவும் புரியவில்லை.

"இது வேற பிரச்சனை" என்றான் ரிஜோ.

"என்ன பிரச்சனை?"

"தெரியல. ரெசல்யூஷன மாத்திப் பாப்போம்."

மாற்றினான். மாமன் பெயர் இப்போது மற்றவர்களுக்குச் சமமாக இருந்தது. ஏனென்றால் மற்றவர்களும் மங்கிவிட்டார்கள். தாத்தாவுக்கு மீசை வைத்ததுபோல எழுத்து உப்பியது. சித்தப்பா யார், அத்தை மாப்பிள்ளை யார் என்று தெரியவில்லை. ஒரு ஆள் வந்து அடிக்கிற இடத்தில் ஒரு குடும்பமே வந்து அடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

"பழையபடி வையி ரிஜோ! பழையபடி வையி!"

"வச்சாச்சு பாய். ரிமோட் குடு. டிவியிலயே ஷார்ப்னஸ் ஏத்தலாம்."

ஏற்றினான். ஒவ்வொரு எழுத்தைச் சுற்றியும் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது. உயிரோடு இருக்கிற தாத்தா, பெரியப்பா எல்லாரையும் சுற்றிச் சாக்பீஸால் போலீஸ்காரன் கோடு போட்ட மாதிரி இருந்தது. காதணி விழா பேனருக்கு அது நல்ல சகுனம் இல்லை.

"ரிஜோ, நீ சரி பண்ண வந்தியா, என்னய முடிச்சுவிட வந்தியா?"

"கேபிள் லூசா இருக்கும். கீழ பாக்கேன்" என்று சொல்லிவிட்டு, ரிமோட்டோடு மேஜைக்கு அடியில் புகுந்தான் ரிஜோ.

சுயம்பு தனியாக யோசித்தான். கறுப்பு எழுத்துதானே தெளிவாகத் தெரிகிறது? மாமன் பெயரையும் கறுப்பாக்கினால் என்ன? ஆக்கினான். பளிச்சென்று வந்தது. அரை நிமிஷம் சந்தோஷமாக இருந்தான். பிறகு தள்ளி நின்று பார்த்தான். பட்டைக்கு நடுவே, பெரிய கறுப்பு எழுத்தில், தனியாக ஒரு மனிதர் பெயர். கீழே "மறைவுக்குக் கண்ணீர் அஞ்சலி" என்று ஒரு வரி மட்டும்தான் பாக்கி.

அவசரமாகப் பழையபடி சிவப்பாக்கப் போய், கரை கட்டிய மெனுவில் எதையோ அமுக்கினான். மாமன் பெயர் மொத்தமாகக் காணாமல் போனது. மஞ்சள் பட்டை மட்டும் காலியாக நின்றது.

"எம் பேரு எங்கவே?"

வாசலில் மாரீஸ்வரன். வாசலே தெரியவில்லை, அவர்தான் தெரிந்தார். வாஷி மார்க்கெட் வெங்காய மண்டியில் மேஸ்திரி என்று கேள்வி. மூட்டை தூக்கித் தூக்கி வளர்ந்த தோள். அவருக்குப் பின்னால் அவர் மனைவி விஜயலட்சுமி, செண்பகவல்லியின் மயினி, ஒல்லியாக, கையில் துணிப்பையோடு. பைக்குள் இரும்புக் கம்பி ஏதும் இருக்கிறதா என்று சுயம்பு எட்டிப் பார்த்தான். முருங்கைக்காய்.

"வாங்க அண்ணாச்சி. உக்காருங்க அண்ணாச்சி. பேரு... இருக்கு. இப்பத்தான் இருந்துச்சு."

"சரி. இல்லாட்டாலும் விசேசம் நின்னா போயிரும்?"

குரல் அமைதியாக இருந்தது. கத்துகிறவனைச் சமாளித்துவிடலாம். சுயம்பு அவசரமாக ஸ்டூலைத் துடைத்துப் போட்டான்.

விஜயலட்சுமி ஸ்டூலில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள். மாரீஸ்வரன் உட்காரவில்லை. ரோட்டை ஒருமுறை பார்த்தார். கடைக்குள் பார்த்தார்.

"கடையில வேற ஆளு யாரும் உண்டுமா?"

மேஜைக்கு அடியில் கேபிளை ஆட்டிக்கொண்டிருந்த ரிஜோ ஆட்டுவதை நிறுத்தினான். சுயம்பு அவன் தோளைக் காலால் தொட்டு, வெளியே வா என்று சைகை காட்டினான். ரிஜோ இன்னும் கொஞ்சம் சுவரோரமாக நகர்ந்துகொண்டான்.

"இல்ல அண்ணாச்சி... உண்டும்... யாரும் இல்ல."

"அப்ப அந்த ஷட்டரக் கொஞ்சம் எறக்கும்."

"எதுக்கு அண்ணாச்சி?"

"பேசணும்."

பக்கத்து டீக்கடைக்காரனைக் கூப்பிடலாமா என்று நினைத்தான் சுயம்பு. கூப்பிட்டால் அவன் வருவான். வந்து வேடிக்கை பார்ப்பான். ஷட்டரைப் பாதி இறக்கினான். வெளிச்சம் இடுப்பளவுக்குக் குறைந்தது. ஃபேன் மட்டும் கறக் கறக் என்று சுற்றியது.

மாரீஸ்வரன் போனை எடுத்துக் காட்டினார். அதில் செண்பகவல்லி அனுப்பிய படம். எல்லாப் பெயரும் தெரிந்தது. நடுவில் வெற்றிலை எச்சில்.

"இது நீரு பண்ணுனதா?"

"தெரியாம நடந்துபோச்சு அண்ணாச்சி."

"தெரியாமலா? நான் வேணும்னேதான் பண்ணியிருக்கீருன்னு நெனச்சேன்."

"எங்க ஆத்தா சத்தியமா இல்ல!"

மாரீஸ்வரன் பெருமூச்சு விட்டார். அது மூச்சா உறுமலா என்று சுயம்புவுக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கு மண்டபத்து வாசல்ல இது இப்படியேதான் நிக்குமா?"

"நிக்காது அண்ணாச்சி! நிக்கவே நிக்காது! எப்பாடு பட்டாவது பளிச்சுன்னு ஆக்கிருவேன்!"

அவர் முகம் இன்னும் கறுத்தது.

"நீரு ஒண்ணும் சிரமப்பட வேண்டாம்வே."

சுயம்பு ஒரு அடி பின்னால் போனான். கடையில் அதற்குமேல் பின்னால் போக இடம் இல்லை. இந்த வட்டாரத்தில் கை ஓங்குகிறவர்கள் முதலில் நம் சிரமத்தைப் பற்றித்தான் விசாரிப்பார்கள்.

"ஏன்வே இப்படி வேக்குது ஒமக்கு?"

"ஃபேன் சரியில்ல அண்ணாச்சி."

"எனக்கும்தான் வேக்குது" என்றார் மாரீஸ்வரன். துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். பிறகு அந்தத் துண்டை இரண்டு கையாலும் முறுக்கினார். சுயம்புவின் கண் துண்டிலேயே நின்றது.

"நான் ஒண்ணு சொல்லுதேன். நீரு யாருக்கிட்டயும் சொல்லக்கூடாது."

"சொல்லமாட்டேன் அண்ணாச்சி. சாமி சத்தியமா சொல்லமாட்டேன். எனக்கு ரெண்டு பிள்ளைக இருக்கு அண்ணாச்சி."

"பிள்ளைகள எதுக்குவே இழுக்கீரு? எம் பேரு..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். மனைவியைப் பார்த்தார். அவள் முருங்கைக்காயைப் பார்த்தாள். மறுபடி துண்டை முறுக்கினார். "எம் பேரு என்னன்னா..."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் பெயரைப் பழையபடி வைத்துவிட்டால் உயிர் தப்பலாம் என்று சுயம்பு கம்ப்யூட்டர் மேல் பாய்ந்தான். எதை அமுக்கினான் என்று அவனுக்கே தெரியாது. காலிப் பட்டையில் மாமன் பெயர் குதித்து வந்தது. சிவப்பு. அதே கலங்கல்.

அந்த நேரம் பார்த்து டிவி இருண்டுபோனது.

"என்னவே ஆச்சு?"

"அண்ணாச்சி, நான் ஒண்ணும் பண்ணல!"

பிறகு திரை பளீரென்று விழித்தது. பிள்ளையாரின் தந்தத்தில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. தாத்தா, பெரியப்பா, சித்தப்பா எல்லாரும் வெள்ளைக்கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சுத்தமாக நின்றார்கள். எல்லாருக்கும் நடுவில், மஞ்சள் பட்டையில், ஒவ்வொரு சுழியும் கத்தி மாதிரி சிவப்பாக: தாய்மாமன் மாரீஸ்வரன், வாஷி.

"ஹோ கயா பாய்! ஆயிடுச்சு!" என்று மேஜைக்கு அடியில் இருந்து ரிமோட்டோடு ஒரு தலை வந்தது.

மாரீஸ்வரன் துள்ளி ஷட்டரில் முட்டிக்கொண்டார். "யாரு இவன்? ஆளே இல்லைன்னீரு?"

"ரிப்பேர்காரன் அண்ணாச்சி. பயந்த சுபாவம்."

ரிஜோவுக்கு வேலை முடிந்த தைரியம் வந்துவிட்டது. "ஒண்ணுமில்ல அங்கிள். இந்த டிவி இவ்வளவு நேரமும் ஏதோ சினிமா ஓடுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துச்சு. சினிமான்னா சிவப்ப இப்படித்தான் கலக்கிக் காட்டும், வாட்ஸப்பும் அப்படித்தான். உள்ள கம்ப்யூட்டர் மாட்டியிருக்குன்னு ரிமோட்ல சொன்னேன், க்ளியர் ஆயிடுச்சு."

"அப்ப பேனர்ல?"

"பேனர்ல மொதல்ல இருந்தே க்ளியர்தான். அடிச்சா சூப்பரா வந்திருக்கும்."

சுயம்புவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திரும்பி வந்த உயிர் கொஞ்சம் கூடுதலாகவே வேலை செய்தது. மாமன் பெயரைப் பிடித்து இன்னும் பெரிதாக இழுத்தான். சித்தப்பாவை ஒதுக்கினான். அத்தை மாப்பிள்ளையைச் சுருக்கினான். பெயருக்கு மேலே ஒரு கிரீடம் வைத்தான். கிரீடத்துக்கு ரெண்டு பக்கமும் சிங்கம் வைத்தான்.

"போதுமா அண்ணாச்சி? இன்னும் பெருசாக்கணுமா?"

"வே, இரும்வே..."

"நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம் அண்ணாச்சி, எனக்குத் தெரியும். இந்தா, குர்லாவுக்கு அனுப்புதேன். அனுப்பிட்டேன்! மெஷினுக்கே போயிட்டு அண்ணாச்சி! சயான் பாலத்துல இருந்து பாத்தாலும் உங்க பேரு தெரியும்!"

மாரீஸ்வரன் திரையைப் பார்த்தார். கிரீடத்தைப் பார்த்தார். சிங்கம் ரெண்டையும் பார்த்தார். ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே போனார். படியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அந்தப் பெரிய தோள் ரெண்டும் குலுங்கின.

சுயம்பு திரையைத் திரும்பிப் பார்த்தான். கிரீடம் பிடிக்கவில்லையோ? சிங்கத்துக்குப் பதில் புலி வைத்திருக்க வேண்டுமோ? ரிஜோ யாரும் சொல்லாமலே மேஜைக்கு அடியில் திரும்பப் போய்விட்டான்.

அதுவரை ஸ்டூலில் இருந்த விஜயலட்சுமி எழுந்தாள். வாசலை ஒரு பார்வை பார்த்துவிட்டு, சுயம்பு பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"அண்ணாச்சி, உங்களுக்குக் கோடிப் புண்ணியமாப் போவும், அந்த மெஷின்காரருக்குப் போன் போட்டு, மொதல்ல வந்த மாதிரி யாரு பேருன்னே தெரியாம அடிக்கச் சொல்லுங்க, தாய்மாமன் பேரு இம்புட்டுத் தெளிவா நின்னா அதுக்கு ஏத்த சீர்த்தட்டோட போவணும்லா, இவுகளுக்கு மண்டியில வேலை போனதே இன்னும் எங்க நாத்தனாருக்குத் தெரியாது."